செழியனும் ‘பாஸ் அவே’யும்

மன்னார்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் செழியனுக்கு அயர்லாந்து போக வேண்டும். அதற்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால் இனி எழுதுவதில்லை என்று மனைவி இசைவாணியிடம் சொல்லிவிட்டான்.

வெள்ளைக்காரருக்கு வினைச்சொல் மட்டும் போதாது. பின்னால் ‘அப்’, ‘அவுட்’ என்று ஒரு வால் வேண்டும். வாலை மாற்றினால் பொருளே வேறு. டூட்டி முடிந்து வந்து, வீங்கிய காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, செழியன் இந்த வால்களைத்தான் மனப்பாடம் செய்தான். இசைவாணி கீரை ஆய்ந்தபடி கேட்பாள்.

“த்ரோ அப்?”

“வாந்தி எடுக்கிறது.”

“பாஸ் அவே?”

“செத்துப்போறது. மரியாதையா.”

“பாஸ் அவுட்?”

“மயக்கம் போடுறது.”

“கண்ணு சொருகுதே, இப்ப நீங்க பாஸ் அவுட்டா, வெறும் தூக்கமா?”

“ரெண்டுக்கும் நடுவுல.”

தேர்வு திருச்சியில். கணினித் திரையில் ஓர் அம்மாள் நோயாளியின் மகளாக நடித்தார். அப்பா இறந்துவிட்டார், அதை மகளிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். செழியனின் நாக்கு நுனியில் ‘பாஸ் அவே’ தயாராக நின்றது.

“அப்பா எப்படி இருக்கிறார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் அந்த அம்மாள்.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் யாரும் சாவதில்லை. நாடி இறங்கியதும் டாக்டர் நர்ஸைப் பார்ப்பார். நர்ஸ் வெளியே போய், “வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க” என்பார். உறவுக்காரர்கள் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். வேன் வரும். சாவு என்ற சொல்லை ஊர் எல்லை தாண்டித்தான் உச்சரிப்பார்கள். ஆஸ்பத்திரிக்கும் நல்ல பெயர்.

செழியன் தலையைக் குனிந்து, “டேக் ஹிம் ஹோம், மேடம்” என்றான்.

“அப்படியானால் குணமாகிவிட்டதா?”

அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவனை யாரும் கேள்வி கேட்டதில்லை. இன்னும் தாழ்ந்த குரலில் அதையே திரும்பச் சொன்னான். நேரம் முடிந்தது.

முடிவு போனில் வந்தது.

“போச்சா?” என்றாள் இசைவாணி.

“போச்சு.”

“அந்த வார்த்தைதான் உங்களுக்குத் தெரியுமே?”

“தெரியும். வாய் வரல.”

அவள் மறுபடி எழுதச் சொல்லவில்லை. அவனும் புத்தகத்தைத் தேடவில்லை.

மறுநாள் டூட்டியில் டாக்டர் ஒரு கட்டிலருகே நிமிர்ந்து அவனைப் பார்த்தார். செழியன் வராந்தாவுக்குப் போனான். பாயில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள்.

“அப்பா எப்படி இருக்காரு, சார்?”

“வீட்டுக்குக் கொண்டு போயிடுங்கம்மா.”

அவள் குனிந்து பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.