பன்னிரண்டரை மீட்டர்

தனபாலுக்கு ரோஷம் அதிகம். அதை எங்கே காட்டுவது என்பதுதான் தெரியாது. நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறான். அந்தப் பக்கத்து வேன்கள் எதுவும் முழுசாக நிற்பதில்லை. கம்பெனியில் வருகைக்குப் பஞ்ச் வைக்க நேரமாகிவிடும் என்று டிரைவர்கள் உருட்டிக்கொண்டே இருப்பார்கள், பெண்கள் கூடவே ஓடிவந்து தொற்றிக்கொள்வார்கள்.

அன்று செக்கிங் வேலை பார்க்கும் ராமாயி ஏறுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. சேலைத் தலைப்பு உள்ளே மாட்டிக்கொண்டது. வேனோடு ஓடினாள், விழுந்தாள். உள்ளே இருந்தவர்கள் அலறிய பிறகுதான் வண்டி நின்றது.

"வண்டி ஒரு மொழங்கூட நகரலீங்க. அந்தம்மாவா அவசரப்பட்டு உழுந்துச்சு" என்று ஆபீசில் சாதித்தான். கூசாமல் சொன்னான். ராமாயியை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அவள் அழுது முறையிட்டதால் மேனேஜர் சுரேஷ் ஜிபிஎஸ் பார்த்தார். கிளம்பிய ஐந்தாவது நொடியில், பிரேக் பிடிக்கும்போது, வேகம் மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். "அப்படீன்னா நொடிக்கு அஞ்சு மீட்டர். அஞ்சு நொடிக்கு இருபத்தஞ்சு மீட்டருங்க தனபால்!"

இவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பிளஸ் ஒன் படிக்கும் மகள் தேஜஸ்ரீயிடம் போய்க் கொட்டினான்.

"மேனேஜர் கணக்கு தப்புங்கப்பா. எடுத்ததும் பதினெட்டுல போகாதுல்லீங்க? ஜீரோவுலிருந்து ஏறுச்சு. ஆவரேஜ் எடுத்தாப் பாதிதான். பன்னண்டரை மீட்டர்."

"பாத்தியா கண்ணு! பாதியே பொய்யி!" தொடையைத் தட்டிக்கொண்டான். ஜெயித்துவிட்டானாம்.

பன்னிரண்டரை எவ்வளவு என்று பார்க்க தேஜஸ்ரீ தெருவில் அடி வைத்து நடந்தாள். பக்கத்து வீட்டைத் தாண்டினாள், அடுத்ததையும் தாண்டினாள். கம்பத்தடியில் நின்று திரும்பினாள்.

"இவ்வளவு தூரமும் அந்தக்கா உங்க வண்டி கூடவே ஓடுனாங்களாப்பா?"

தனபாலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பெற்ற மகள் முன்னால் அப்படிக் குறுகிப் போனான்.

மறுநாள் சுரேஷிடம் தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டான். ராமாயிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை காலை அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். தனபால் வேனை நிறுத்தி, இறங்கிக் கதவைத் திறந்தான்.

"நீங்க பாக்கலைண்ணே. பாத்திருந்தா நிறுத்தியிருப்பீக, எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

அதோடு விட்டிருக்கலாம். அவனால் முடியவில்லை.

"கண்ணாடியில பாத்தனுங்க அம்மிணி. ஓடி ஏறிக்குவீங்கன்னு நிறுத்தாம மிதிச்சுட்டேன்."

ராமாயி படியில் வைத்த காலை எடுத்தாள். டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்க ஆரம்பித்தாள்.