விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

அனோரா வேலையை விடப்போகிறாள் என்ற செய்தி, அவளுக்கே உறுதியாவதற்கு முன்பு எங்கள் தெருவுக்கு உறுதியாகிவிட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் இருக்கும் மர்கிலான் அப்படிப்பட்ட ஊர். எங்கள் தெருவில் ஒருத்தி தும்மினால் அடுத்த தெருவில் அவளுக்குக் கஷாயம் கொதிக்கும்.

அவளுக்கு இருபது வயது. நர்ஸ் படிப்பு முடித்து, பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் வார்டில் முதல் வேலை. நான்கு மாதம் ஆகியிருந்தது. நாற்பது கட்டிலுக்கு ஒரு ஷிப்டில் இரண்டே நர்ஸ். கட்டிலில் படுத்திருப்பவர்களை மட்டும் பார்த்தால் போதும் என்றால் பரவாயில்லை. ஒவ்வொருவரோடும் மாமியார், மைத்துனி, பெரியப்பா, புலாவ் அண்டா எல்லாம் வந்து இறங்கும். குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த ஒரு குடும்பம், பக்கத்துக் கட்டில்காரரின் மகளையே தங்கள் பையனுக்குப் பேசி முடித்து, நிச்சயத்துக்குப் பிட்கும் ரொட்டியையும் அங்கேயே பிட்டுவிட்டுப் போனது. நான் சொல்வதில் பாதியை நம்பினாலும் போதும்.

வார்டின் தலைமை நர்ஸ் பெயர் ஹோஸியத். தாழ்வாரத்தின் இந்த முனையில் அவள் கத்தினால், அந்த முனையில் மயக்க மருந்தில் கிடப்பவன் எழுந்து மன்னிப்புக் கேட்பான். அனோராவுக்கு அந்தக் கத்தல்கூடப் பழகிவிட்டது. அவளைக் குடைந்தது தேநீர்.

எங்கள் பக்கத்தில் தேநீரைக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவோம். குடித்ததும் மறுபடி கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். மதிப்பு கூடக் கூடத் தேநீர் குறையும். விளிம்பு வரை நிறைத்து நீட்டினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். என் கணவரின் சித்தப்பா பெண் பார்க்கப் போன வீட்டில் நிறைந்த கிண்ணத்தைப் பார்த்ததும் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தவர். மற்றச் செருப்பு இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

அனோரா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஹோஸியத் அவளுக்குத் ததும்பத் ததும்ப ஊற்றி நீட்டினாள். மறுநாளும் அப்படியே. நான்கு மாதமும் அப்படியே. கேட்டிருக்கலாமே என்பீர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவள் எவளும் அதைக் கேட்கமாட்டாள். கேட்டு, "ஆமாம்" என்று பதில் வந்துவிட்டால் முகத்தை எங்கே கொண்டு வைப்பது? அவள் தலையைக் குனிந்து, நாக்கு வேகக் குடித்துவிட்டு ஓடினாள்.

ஒரு வாரமாக ராஜினாமாக் கடிதம் அவள் கோட்டுப் பையில் கிடந்தது. சித்தியின் மணப்பெண் அலங்காரக் கடையில் இடம் தயார். அங்கே யாரும் வாந்தி எடுப்பதில்லை. எடுத்தாலும் மாப்பிள்ளைதான்.

செவ்வாய்க்கிழமை காலை எர்காஷுக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். எர்காஷ் லாரி டிரைவர். தர்பூசணி லோடோடு கவிழ்ந்து, கால் உடைந்து கிடந்தான். அவன் கையில் நரம்பைத் தேடுவது வைக்கோல் போரில் பாம்பைத் தேடுவது மாதிரி.

"தங்கச்சி, இந்தக் கையில ரோடே இல்ல. அந்தக் கையப் பாரு."

"அசையாம இருங்கண்ணே."

"நேத்து மூணு குத்து. பழம் பழுத்திருக்கான்னு பாத்தியா?"

"வாயை மூடுங்க. உங்க வாய் ஆடினா கையும் ஆடுது."

ஒரே குத்து. ரத்தம் குழாயில் எட்டிப் பார்த்தது. எர்காஷ் கண்ணை இறுக மூடியபடியே கேட்டான்: "இன்னுமா குத்தல?"

"குத்தி ஒட்டியும் போட்டாச்சு."

"அட! கொசு கடிச்சாக்கூட இதைவிட வலிக்குமே!"

நான்கு மாதத்தில் முதல் தடவையாக அனோராவுக்கு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நர்சுகள் அறைக்கு ஓடினாள். அங்கே மாகாணத்திலிருந்து சோதனைக்கு வந்த சுகாதார அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஹோஸியத் அவருக்குக் கிண்ணத்தின் அடி நனையும் அளவு தேநீர் ஊற்றி, நெஞ்சில் கைவைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். அனோராவைப் பார்த்ததும் இன்னொரு கிண்ணம் எடுத்தாள். விளிம்பு வரை ஊற்றினாள்.

அவள் அதைத் தொடவில்லை. அதிகாரி கிளம்பியதும் அனோரா கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

ஹோஸியத் கண்ணாடியை மாட்டிப் படித்தாள். "சொந்தக் காரணம்னு எழுதியிருக்கே. என்னடி காரணம்?"

"நீங்கதான் தினமும் சொல்றீங்களே அக்கா."

"நானா? நான் ஆயிரம் சொல்வேன். எதை?"

"கிண்ணத்தை நிறைச்சு நிறைச்சு... போன்னு."

ஹோஸியத் மேசையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அனோராவைப் பார்த்தாள். பிறகு தலைக்குட்டை நழுவி விழும்வரை சிரித்தாள்.

"அடி கிறுக்கச்சி! இங்க ரெண்டாந்தரம் ஊத்த யாருக்குடி நேரம்? அரைக் கிண்ணம் குடிக்கறதுக்குள்ள பெல் அடிப்பானுங்க. அப்புறம் மத்தியானம் வரைக்கும் தொண்டை காஞ்சு நிக்கணும். என் கிண்ணத்தைப் பாத்தியா? மத்தவ கிண்ணத்தை என்னிக்காவது பாத்தியா?"

பார்த்ததில்லை. தலை நிமிர்ந்தால்தானே. இப்போது பார்த்தாள். ஹோஸியத்தின் கிண்ணம் விளிம்பில் ததும்பி ஆறிக் கிடந்தது.

"அப்ப அந்த அதிகாரிக்கு மட்டும்..."

"கூடத்துக் கட்டில்ல போர்வை மாத்தல. மாத்தி முடிக்கறவரைக்கும் அவரு எந்திரிக்கக் கூடாது. அதான் சொட்டுச் சொட்டா ஊத்தினேன். பன்னெண்டு கிண்ணம்! பாவம், நேரா கக்கூசுக்குத்தான் போனாரு."

அனோராவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் விவரமான பெண். சிரித்ததோடு விடவில்லை.

"தேநீர் போகட்டும் அக்கா. வேலை கஷ்டம்தான். காலு வீங்குது. வீட்டுக்குப் போனா சோறு இறங்கல."

"கஷ்டம்தான். இல்லேன்னு சொல்லமாட்டேன். நீ போனா என் முழங்காலு இன்னும் கெடும். அதுக்காக நீ இருக்கணும்னு இல்ல."

அனோரா தன் கிண்ணத்தை அருகே இழுத்தாள். "எர்காஷுக்கு ஒரே குத்துல போட்டேன்" என்றாள், கடைசியில்.

"அந்தக் கையிலயா? எனக்கே ரெண்டு ஆகும்டி!"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் ஓடிவந்திருந்தாள். கடிதத்தை எடுத்து மறுபடி பைக்குள் திணித்துக்கொண்டாள். "நோயாளிங்க முன்னாடி என்னைப் பாத்துக் கத்தக் கூடாது. அப்படின்னா இருக்கேன்."

"கதவைச் சாத்திட்டுக் கத்தறேன். போதுமா?"

பெல் அடித்தது. அனோரா நின்றபடியே கிண்ணத்தை ஒரே மடக்கில் முடித்துவிட்டு ஓடினாள்.

எங்கள் தெருவுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்கு ஆறுதல் சொல்ல ஏழு பெண்கள் அவள் வீட்டுக்குப் போனோம். சித்தியின் கடையை ஆளாளுக்குப் புகழ்ந்தோம். அவள் அதைக் கேட்டுக்கொண்டே தேநீர்க் கெண்டியை எடுத்து, வார்டுப் பழக்கத்தில், ஏழு கிண்ணத்திலும் விளிம்பு வரை ஊற்றி நீட்டினாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்தோம்.