அம்மா கூட்டிய செத்தவீடு

அம்மா தொண்ணூறு தாண்டி, போன மார்கழியில் லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டிலேயே கண்ணை மூடினார். அஞ்சலிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இவர்களெல்லாம் யார் என்று என் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். பாதிப்பேரை எனக்கே தெரியாது. கவுன்சில் கடிதம் விளங்காதவர்கள், பிள்ளைப்பேற்றுக்குத் துணையில்லாதவர்கள், வாடகை அறையைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் என்று அம்மாவைத் தேடி வந்துபோனவர்களுக்குக் கணக்கில்லை. அம்மம்மா எப்படிப்பட்டவர் என்று மகளுக்குச் சொல்ல நினைத்தபோது, வேறொரு செத்தவீடுதான் என் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பக்கத்துத் தெருவில் அறை எடுத்திருந்த ஓர் இளைஞர், பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் கார் மோதி இறந்துபோனார். லண்டனில் அவருக்கு ஒருவரும் இல்லை. அம்மா அவரோடு பஸ் தரிப்பில் நின்று எப்போதாவது கதைத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு, விசா கிடைக்காமல் கொழும்பில் நின்ற அவருடைய தாயோடு தொலைபேசியில் பேசியதும் அம்மாதான். மறுமுனையில் அந்தத் தாய் என்ன கேட்டார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. அம்மா சொன்னது மட்டும் கேட்டது.

"இல்லை அக்கா, பிள்ளை தனிய இல்லை. இஞ்ச எல்லாரும் நிக்கிறம். ஓம், வீடியோ எடுத்து அனுப்புறன்."

பொய் சொன்னால் வாயில் மிளகாய்த்தூள் போடுவேன் என்று என்னை மிரட்டுகிற அம்மா! நான் அவருடைய முகத்தையே பார்த்தேன். அவரோ அடுத்த நம்பரைச் சுழற்றத் தொடங்கியிருந்தார்.

"அவன் எங்களுக்கு என்ன முறையப்பா?" என்றார் அப்பா.

"முறையைப் பிறகு பாப்பம். வியாழக்கிழமை லீவு எடுங்கோ."

தெரிந்த வீடுகளுக்கெல்லாம் அம்மா போன் செய்தார். ஆனாலும் அது வேலை நாள். தகனசாலை மண்டபத்தில் பாதிக் கதிரைகள்கூட நிரம்பவில்லை. வீடியோ எடுக்க வந்தவர் கல்யாண வீடுகளுக்கு எடுக்கிறவர். அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, கதிரை வெறுமையாத் தெரியக் கூடாது" என்றார். முன்வரிசையைப் படமெடுத்து முடிந்ததும், இருந்தவர்களையே எழுப்பிப் பின்வரிசையில் கொண்டுபோய் இருத்தினார். மனோர் பார்க்கிலிருந்து வந்தவர்களை வாசலால் இன்னொரு முறை உள்ளே வரச் சொன்னார். தோர்ண்டன் ஹீத்தில் இருந்த மாமா, ஆள் வேறாகத் தெரியட்டும் என்று தானாகவே கோட்டைக் கழற்றிவிட்டார். என்னையும் இடம் மாற்றி மாற்றி இருத்தினார்கள். கதிரை விளையாட்டுப் போல எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. கிரியைகளைச் செய்ய ஆள் இல்லாததால் அப்பா செய்தார். முறை கேட்டவர், வாய்க்கரிசி போடும்போது விக்கி விக்கி அழுதார்.

அடுத்த கிழமை வீடியோக்காரர் கசெட்டைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டுக் காட்டினார். மண்டபம் நிறையச் சனம். யாரும் குறை சொல்ல முடியாது. கடைசியில் பெட்டி எரியூட்டும் அறைக்குள் மெல்ல மெல்ல நகர, திரை மூடியது.

"நிப்பாட்டும் தம்பி," என்றார் அம்மா. "இதை வெட்டிவிடும்."

"அப்ப முடிவே இருக்காதே அக்கா?"

"பெத்தவள் இதைப் பாக்கேலாது தம்பி. சனம் சுத்தி இருக்கிறதோட நிப்பாட்டும்."

அவர் தலையாட்டிவிட்டுக் கசெட்டைப் பின்னால் ஓட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தத் திரை தானாக மூடியதைப் பற்றித்தான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீடியோவில் ஆகத் திறமான இடமே அதுதான். அதை வெட்டிவிட்டு, கதிரைகளில் சும்மா இருக்கும் சனத்தைப் பார்த்து அந்தத் தாய் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டேன். அம்மா தேநீர் போட எழுந்து போனார்.

அம்மாவுக்கு வீடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.