பெருங்காயம் மணத்த சுருட்டுப் பெட்டி

நேற்று ஏலக் கூடத்து முற்றத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். துரைமார்கள் மூட்டை கட்டத் தொடங்கியதிலிருந்து கண்டோன்மென்டில் வாரம் ஒரு ஏலம் நடக்கிறது. கால் ஒடிந்த பியானோவுக்கும் குழந்தைத் தொட்டிலுக்கும் நடுவே மழையில் நனைந்து கிடந்தது. பலாமரம். இழுத்துத் திறக்கும் மூடி. உள்ளே ஒரு நாய்ச் சங்கிலி. அதை எடுத்தால் அடியில் உளித் தழும்புகள். என் உளிதான். அவ்வளவு கோணலாக வேறு யாரும் செதுக்கியிருக்க முடியாது.

சுருட்டு காயாமல் வைக்க ஒரு பெட்டி செய்யும் எண்ணம் எனக்கு உதித்தது வெற்றிலையைப் பார்த்து. அப்போது ஓர் அச்சாபீஸில் தற்காலிகக் குமாஸ்தா நான். பெயருக்குப் பின்னால் பி.ஏ., கையில் ஓயாத அரிப்பு. வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துவிட்டுப் பூட்டத் தெரியாமல் விட்டவன் என்றால் உங்களுக்குப் புரியும். மானேஜர் துரை திருச்சிச் சுருட்டுப் பிரியர். மாசி பிறந்தால் பெங்களூர்க் காற்றில் உதடு மட்டுமா வெடிக்கும், சுருட்டும் வெடித்தது. அவர் ஒன்றைக் குப்பையில் எறிந்து திட்டிய அன்று வீட்டுக்கு வந்தால், அம்மா ஈரத்துணியில் சுற்றிவைத்த வெற்றிலை நாலு நாளாகியும் பச்சை மாறாமல் இருக்கிறது. சுருட்டும் இலைதானே? பங்குனிக் கடைசியில் என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறவரும் அதே துரைதான்.

அக்காவின் பிரசவத்துக்கு அம்மா கோலார் தங்கவயலுக்குப் போனாள். மறுநாளே அவளுடைய அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்தேன். கடுகும் சீரகமும் காகிதப் பொட்டலங்களாயின. சுருட்டோ நீளம், அறையோ குட்டை, தடுப்புகளைப் பெயர்த்தெறிந்தேன். வெந்நீர் ஊற்றித் தேய்த்து மூன்று நாள் வெயிலில் வைத்தேன். ஆணியால் துளையிட்ட களிம்பு டப்பாவுக்குள் ஈரப் பஞ்சு. அதுதான் என் விஞ்ஞானம். எங்கள் ஆபீஸில் அச்சுக் கோக்கும் மர்பி டவுன் ஆரோக்கியம் என் சிநேகிதன். அவனிடம் நீட்டினேன்.

"மோந்து பாருடா. சமையல் வாசன ஏதாச்சும் வருதா?"

"மரந்தாம்பா வருது. தொரை சொக்கிப்போயிடுவாரு பாரு."

என் மூக்குக்கும் மரம்தான் வந்தது. சுருட்டு அடுக்கித் துரையிடம் கொடுத்துவிட்டேன்.

அம்மா திரும்பி வந்து பொட்டலங்களைப் பார்த்தாள்.

"இனிமே கடுகை எங்கடா வெப்பேன்?"

"வேலை நிரந்தரமாவட்டும்மா, வெள்ளியிலேயே செஞ்சு போடறேன்."

"வெள்ளியில கடுகு வெக்கிற வம்சம் பாரு. மொதல்ல வேலை ஆவட்டும்."

பத்து நாள் கழித்துத் துரை கூப்பிட்டார். அறையில் இரண்டு விருந்தாளிகள். ஈரம் சுருட்டை மட்டும் பதமாக்கவில்லை. அம்மாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து மரத்தில் ஊறிக்கிடந்த பெருங்காயத்தையும் எழுப்பிவிட்டிருந்தது. ஆரோக்கியம் மூக்கும் என் மூக்கும் அந்த வாசனையிலேயே பிறந்து வளர்ந்தவை. அவற்றுக்கு எப்படித் தெரியும்? துரை ஒன்றைப் பற்றவைத்து, "உன் அம்மாவின் குழம்பைப் புகைக்கக் கொடுத்திருக்கிறாய்," என்று இங்கிலீஷில் சொன்னார். மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை போனதுகூட ஆறிவிட்டது. அந்தச் சிரிப்பு ஆறவில்லை.

ஆமாம், வேலை வேறொருவனுக்குப் போயிற்று. பெட்டியைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. துரை அதை நாய்க்கு ஒதுக்கியது நேற்றுத்தான் தெரிந்தது. அம்மா கடைசிவரை பால் டின்களில் கடுகு வைத்திருந்தாள். எண்ணெய் காய்ந்து புகையும். இவள் ஒவ்வொரு டின்னாகத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வேலை போன பிறகு என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்த வீட்டையும் விட்டுவிட்டேன். சாப்பாடு ஓட்டலில், படுக்கை ஒரு வாடகை அறையில்.

நேற்றுப் பெட்டியை முகத்தருகே கொண்டுபோனேன். மழை ஈரத்தில் பெருங்காயம் குப்பென்று எழுந்தது. துரைக்கு அன்று வந்த வாசனை முதல்முறையாக எனக்கும் வந்தது. அந்த அடுப்பங்கரையில் இருந்தவரை வராத வாசனை.

காவல்காரன் வந்து நின்றான். "பேக்கா ஸ்வாமி, வேணுமா? ஏலம் நாளான்னிக்குத்தான். சங்கிலியும் சேத்துத்தான் குடுப்பாங்க."

நாளைக் காலையில் முதல் ஆளாக நிற்பேன். கிடைத்தால், புதிதாகத் தடுப்பு வைத்துப் பழையபடி ஐந்து அறையாக்க வேண்டும். இந்த முறை உளியை நேராகப் பிடிப்பேன். கடுகு எந்த அறையில் இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. கேட்க ஆள் இல்லை.