ஆற்று முகம் வெட்டிய நாள்

மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் டீக்கடைச் சாயம் மாதிரி வருகிறது. கீழ்வீட்டு அம்மாள் படிகாரக் கட்டியைக் குடத்துக்குள் சுழற்றிக்கொண்டே மாநகராட்சியைத் திட்டுகிறார். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. ஒரு செம்பில் பிடித்து மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றேன். "குடிக்கப் போறியளா, கும்பிடப் போறியளா?" என்றாள் மனைவி. மேற்கே மலையில் மழை கொட்டித் தாமிரபரணியில் புதுத்தண்ணீர் இறங்கினால் இந்த வாசனைதான் வரும். வயல் மண், அழுகிய வாழைமட்டை, கொஞ்சம் சாணி. தூத்துக்குடியில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவனுக்கு ஆறு இப்படித்தான் வந்து சேர்கிறது.

இந்த வாசனையை எனக்குப் பழக்கியவள் என் அக்காள் ரீத்தாள். ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் மீனவ ஊரில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தோம். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்த புதிதில் அவள் வீட்டிலேயே தங்கி, பஸ்ஸில் போய்வந்தேன். தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா என்று பெரிய துரை நினைப்பு. மச்சான் சேவியர் என்னை ஒருநாள் வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போனார். கரை மறைவதற்குள் நான் வாந்தி எடுத்துவிட்டேன். "கடக்கரையில பொறந்தேன்னு ஆபீசுல சொல்லிராத மாப்ள" என்றார். அத்தோடு சரி, அந்தக் கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் மச்சான்.

அந்த ஊர்த் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, சோறு ஒரு மாதிரி மஞ்சளிக்கும். அதனால் மற்ற ஊர்களில் வெள்ளம் என்றால் பெண்கள் பயப்படுவார்கள், அங்கேயோ துவைக்கக் கிளம்பிவிடுவார்கள். ஊரில் வெயிலடிக்க, மலையில் பெய்த மழை ஆறாக வந்து வாசலில் நிற்கும். மெத்தை விரிப்பு, ஜன்னல் துணி, மாதா கோயில் பீடத்து லேஸ் துணி வரைக்கும் கரையில் குவிந்துவிடும். அக்காள் என் ஆபீஸ் சட்டைகளையும் விடமாட்டாள். நாள் முழுக்க அவற்றில் அந்த வாசனை அடிக்க, கிளியரிங் ஆபீசில் நான் வயல்காட்டு ஆள்போல உட்கார்ந்திருப்பேன்.

ஆண்களுக்கு வேறு வேலை. கோடையில் கடல் மணலைத் தள்ளித் தள்ளி ஆற்றின் முகத்தை அடைத்துவிடும். வெள்ளம் வரும்போது அந்த மணல்மேட்டை வெட்டிவிட்டால்தான் தண்ணீர் கடலுக்குப் போகும். கோயில் மணி அடித்ததும் ஊர் முழுக்க மம்பட்டியோடு கூடும். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. ஆற்றில் கட்டிக் கிடக்கிற வள்ளங்களை எல்லாம் முதலில் கரையேற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் மம்பட்டியைத் தொடலாம். முகம் திறந்துவிட்டால் ஆறு எதையும் விட்டுவைக்காது, எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

வெள்ளம் வருகிற சேதி எங்களுக்கு முதலில் வருவது பிச்சையா அண்ணாச்சியிடமிருந்து. ஏரல் பக்கத்தில் ஆற்றங்கரையில் வாழையும் நெல்லும் போடுகிறவர். அக்காள் அந்தப் பக்கம் மீன் விற்கப் போய், அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில் ஆரம்பித்த உறவு. எங்கள் கோயில் திருவிழாவுக்கு அவர் தோட்டத்து வாழைத்தார் வரும். அவர் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு இங்கிருந்து சீலா மீன் போகும். கொடை முடிந்த மறுநாள்தான் மீன் சாப்பிடுவார்கள் என்பதால் மச்சான் ஒருநாள் பிந்திக் கொடுத்தனுப்புவார். "ஏலே சேவியரு, ஆத்துத் தண்ணி படித்துறைய முக்கிட்டு, அவ வாரா" என்று அண்ணாச்சி போன் போட்டால் மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்த இரண்டு பேரின் பேச்சில்தான் ஆற்றுக்குத் தலையும் வாலும் இருப்பதே எனக்குப் புரிந்தது.

இனி அந்த மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அது மலையில் மட்டும் பெய்த மழை அல்ல. கடற்கரை வரைக்கும் ஒரே ஊற்றாக ஊற்றியது. அன்று யாரும் துவைக்கப் போகவில்லை. எனக்கு பஸ் இல்லை. காலையிலேயே ஆண்கள் வள்ளங்களைக் கரையேற்றத் தொடங்கிவிட்டார்கள். மச்சானின் வள்ளம் புதிது, ஊரிலேயே பெரியது. முகத்துக்குப் பக்கத்தில் கடைசியாகக் கட்டியிருந்தது. அதை ஏற்ற முப்பது பேர் தோள் கொடுக்க வேண்டும். அதனால் அது கடைசிக்கு நின்றது.

அப்போது போன் வந்தது. மச்சான் அதை ஸ்பீக்கரில் போட்டார், மழைச் சத்தத்தில் கேட்காது என்று. "சேவியரு, வீட்டுக்குள்ள நெஞ்சளவு தண்ணி. மாடியில நிக்கோம். பேத்திய தோள்ல வச்சிருக்கேன். போக வழியில்லாமத்தாம்லே இங்கன ஏறுது. முகத்த வெட்டி விடுங்கலே..." அதோடு அறுந்துவிட்டது. திருப்பிப் போட்டால் போகவில்லை.

ஊர்த் தலைவர் மச்சானின் கையைப் பிடித்தார். "கொஞ்சம் பொறு. ஒன் வள்ளத்தையும் ஏத்திட்டு வெட்டுவோம்." மச்சான் வள்ளத்தை ஒரு தடவை பார்த்தார். "அங்கன புள்ள நிக்கி. வெட்டுங்க" என்று சொல்லி, முதல் மம்பட்டியை அவரே போட்டார். பிறகு எல்லாரும் வெட்டினோம். பேனா பிடித்த என் கையும் வெட்டியது. வாய்க்கால் அளவுக்குத் திறந்ததுதான் தெரியும், மீதியை ஆறே தின்றுவிட்டது. வள்ளத்தைக் கட்டியிருந்த கயிறு அறவில்லை. கயிறு கட்டிய கல்தூண் பிடுங்கிக்கொண்டு போனது. வள்ளம் பக்கவாட்டில் உருண்டு, கடல் அலையில் ஏறி, எங்கள் கண்முன்னால் இரண்டாகப் பிளந்தது. அக்காள் மழையில் முட்டுக்குத்தி உட்கார்ந்துவிட்டாள். மச்சான் அவள் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றார்.

மூன்றாம் நாள் அண்ணாச்சியின் போன் வந்தது. "பேத்தி நல்லாருக்கா சேவியரு. நீங்க வெட்டினதாலதான் தண்ணி வடிஞ்சுது. ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம்." மச்சானின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த வருஷத் திருவிழாவுக்கும் வாழைத்தார் வந்தது. அவர் தோட்டம் மொத்தமும் மண்மூடிக் கிடந்தது. தூத்துக்குடி மார்க்கெட்டில் வாங்கித் தன் தோட்டத்துக் காய் என்று கொண்டுவந்திருந்தார். தார்க் காம்பில் கடைக்காரர் போட்ட மைக்குறி இருந்தது. மச்சான் அந்தக் காம்பைத் தன் கையாலேயே வெட்டி எறிந்தார்.

அதற்குப் பிறகு மச்சானுக்குச் சொந்த வள்ளம் வாய்க்கவில்லை. தன்னைவிட இளையவர்களின் வள்ளத்தில் ஏறிக் கூலிக்குப் போனார். அவர்கள் ஏவிய வேலையைச் செய்தார். எனக்குத்தான் மனது ஆறவில்லை. நல்ல மனுசன் ஒருத்தன் இப்படிக் கீழே இறங்கியிருக்க வேண்டாமே என்று ராத்திரியும் பகலும் குமைந்தேன். குழந்தை பிழைத்ததே என்று அதற்கு நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன்.

போன தவக்காலத்தில் மச்சான் இறந்தார். கடலில் வைத்தே நெஞ்சுவலி. கரைக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கத்துக்கு அண்ணாச்சி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். "தம்பி, எங்க ஊருக்குள்ள வந்தது ஆத்துத் தண்ணி இல்ல. பின்னால பெரியகுளம் ஒடஞ்சி வந்தது. நாங்க பூராப் பேரும் ஆத்தையே பாத்துக்கிட்டு நின்னோம். முகத்த வெட்டினதுக்கும் எங்க தண்ணிக்கும் சம்மந்தமே கிடையாது. ஒங்களுக்குப் போன் போட்டு ரெண்டு நா கழிச்சுத்தான் எனக்கே தெரியும். எந்த வாயால இத அவன்ட்ட சொல்லுவேன்?"

ராத்திரி அக்காளிடம் இதைச் சொல்வதா, விடுவதா என்று தவித்து, கடைசியில் சொல்லிவிட்டேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அவருக்கு அப்பமே தெரியும்லே. வெள்ளம் வடிஞ்ச பெறவு மீன் விக்கப் போனவ நான், கொளம் ஒடஞ்சு கெடந்தத என் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னேன். கேட்டுட்டு, 'ஏளா, நமக்குத் தெரியும்ங்கிறது அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம். மனுசன் செத்துருவாரு'ன்னாரு."

அத்தனை வருஷமும் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். ஒருவர் நன்றி சொல்லுவார், மற்றவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். இரண்டுமே பொய்.

இப்போது ஆற்று முகத்தில் இரண்டு பக்கமும் கல் கொட்டி, இயந்திரம் வைத்து மணலை அள்ளிவிடுகிறார்கள். வெட்ட வேண்டிய தேவையே இல்லை. அண்ணாச்சியை மகன் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வெள்ளம் வந்தால் எல்லாருடைய போனுக்கும் எச்சரிக்கை வருகிறது, எத்தனை கன அடி என்ற கணக்கோடு. நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "முகத்த வெட்டி விடுங்கலே" என்று உரிமையோடு கேட்க ஆற்றின் மேற்பக்கத்தில் ஒரு வீடு இல்லை. கேட்டது சரியா தப்பா என்று பாராமல் மம்பட்டியைத் தூக்கிய மனுசன் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்.