ரோசலியைத் தொன்மமாக்கிய புத்தகம்

லோர்னா வபாஸ், கனடாவில் பழங்குடிகளான எங்களுக்கு ஒதுக்கிய ரிசர்வின் மருத்துவ வேனை ஓட்டுகிறவள். நிபிகன் ஏரிக்கரையிலிருந்து எங்களைத் தண்டர் பே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், திரும்பக் கூட்டிவருவாள். நாங்கள் டாக்டருக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவள் வேனில் உட்கார்ந்து கதை எழுதுவாள். சில கதைகள் பத்திரிகைகளில் வந்தும் இருக்கின்றன.

டொரண்டோ பதிப்பகம் ஒன்று, வடக்கத்திப் பழங்கதைகளைத் தழுவிய புனைகதைகளைத் தொகுத்துப் போடப்போவதாக அறிவித்தது. லோர்னாவும் ஒன்று அனுப்பினாள். பனி விழும் நெடுஞ்சாலையில் ஓர் ஓட்டுநர் ஏற்றிக்கொள்ளும் விசித்திரப் பயணியைப் பற்றிய கதை. எங்கள் பழங்கதைகளில் வரும் மாயக் குறும்புக்காரன்தான் அவன் என்று எங்கள் ஆட்களுக்கு முதல் பக்கத்திலேயே புரிந்துவிடும். ஆனால் அவன் பெயரை அவள் எழுதவில்லை. தரையில் பனி கிடக்கும்போது மட்டுமே அவன் கதைகளைச் சொல்வது எங்கள் வழக்கம். புத்தகத்தைப் பனியில்லாத ஜூலையிலும் யாராவது பிரிப்பார்களே என்று யோசித்தாள்.

கதை தேர்வானது. அன்று வேனில் இருந்த எல்லோருக்கும் டோனட் கிடைத்தது.

பிறகு முழுத் தொகுப்பின் மெய்ப்பும் வந்தது. முதல் கதையைப் படித்தவள் நேரே தாய்மாமன் ஏமோஸ் வீட்டுக்கு வண்டியை விட்டாள். அவர் மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, போன பனிக்கு முந்தின பனியில கென்ட்ரானு ஒருத்தி வந்தாளே, நம்ம ஊர் ஹால்ல உக்காந்து கடமான் குழம்பு ரெண்டு கிண்ணம் குடிச்சாளே, ஞாபகம் இருக்கா?"

"மூணு கிண்ணம். அவளுக்கு என்ன இப்ப?"

லோர்னா படித்துக் காட்டினாள். தலைப்பு 'பனிக்கன்னி', எழுதியவள் கென்ட்ரா. அதன்கீழே, 'வடக்குப் பழங்குடியினரின் தொன்மக் கதையொன்றின் மறுகூறல்.' ஏரிப் பனி உடைகிற காலத்தில், மூடுபனிக்குள் ஒரு பெண் வலையை இழுத்துக்கொண்டு வருகிறாள். கரையில் நிற்கும் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

அந்தப் பெண் ஏமோஸின் அக்கா ரோசலி, லோர்னாவுக்குப் பெரியம்மா. உறைந்த ஏரிமேல் வலை எடுக்கப் போன இடத்தில் பனி உடைந்து ஏரியோடு போனவள். அவள் கூப்பிடுவது இன்னமும் காதில் விழுகிறது என்று அன்று ஹாலில் ஏமோஸ் அழுதபடி சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். விருந்தாளியும் கேட்டாள்.

ஏமோஸ் கத்தியைக் கீழே வைத்தார். "தொன்மமா? எங்கக்கா மீன் கம்பெனியில வேலை பாத்தவ. பிங்கோ ஆட்டத்துல தோத்துட்டா யார்கூடவும் பேசமாட்டா. கன்னியாம்ல! ரெண்டு புள்ள பெத்தவ." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லோர்னா அங்கிருந்தே தொகுப்பாசிரியர் கிரஹாம் பெல்லிங்கைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பழங்கதைக்கு யாரும் சொந்தக்காரங்க கிடையாதே, லோர்னா," என்றார் அவர். "கென்ட்ரா ரொம்ப மரியாதையாத்தான் எழுதியிருக்காங்க. வேணும்னா 'அந்த மக்களுக்கு நன்றி'னு ஒரு வரி சேத்துடலாம்."

"எந்த மக்களுக்கு? இவருக்குப் பேரு இருக்கு. இங்கதான் உக்காந்திருக்காரு. இவர்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

"நாலு பேர் முன்னாடி சொன்னதுதானே..."

"சாவு வீட்டுல நீங்க உங்க அம்மாவைச் சொல்லி அழுவீங்க. அதை நான் எழுதி என் பேரைப் போட்டுக்கட்டுமா?"

ஏமோஸ் போன் பக்கம் குனிந்தார். "தம்பி, அதை எடுத்துடு. நான் குடுக்கல."

எடுக்கவில்லை. லோர்னா தன் கதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். அத்தோடும் விடாமல், தொகுப்பில் இருந்த மற்ற எழுத்தாளர்களைத் தேடிப்பிடித்து நடந்ததைச் சொன்னாள். சிலர் பதிலே போடவில்லை. இப்படிப் பார்த்தால் யாரும் எதையும் எழுத முடியாது என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். நான்கு பேர் தங்கள் கதைகளையும் விலக்கினார்கள். அப்போதுதான் பதிப்பகத்துக்குச் சுட்டது; 'பனிக்கன்னி' போனது.

புத்தகம் வந்துவிட்டது. பழங்குடி மக்களின் குரலுக்கு என்றும் செவிசாய்ப்பவர்கள் தாங்கள் என்று முன்னுரையில் பெல்லிங் எழுதியிருக்கிறார். ஏமோஸிடம் இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மனம் புண்பட்டுவிட்டதாகக் கென்ட்ரா இணையத்தில் எழுதினாள், தன்னுடைய மனம். லோர்னாவின் கதை இன்னும் அச்சாகவில்லை.

"செவிசாய்ச்சாங்களாம்! காதைப் பிடிச்சுத் திருகினப்புறம்!" நேற்றுகூட ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினாள்.

பின் சீட்டிலிருந்து எல்சி குரல் கொடுத்தாள். "நீ திட்டுறது நியாயந்தான் தாயி. ஆனா வேகத்தைக் கொஞ்சம் கொறை. டயாலிசிஸுக்கு நான் உயிரோட போய்ச் சேரணும்."

வேகத்தைக் குறைத்தாள். திட்டுவதை நிறுத்தவில்லை.