பந்து இல்லாத படம்

என் தங்கை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கூடைப்பந்து அணிக்குப் போனது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று காரணங்கள் சொல்வதுண்டு: அவளுடைய உயரம், அவளுடைய பயிற்சியாளர், ஒரு கலியாண வீடியோக்காரர். முதல் இரண்டையும் எல்லோரும் நம்புகிறார்கள். மூன்றாவதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நாங்கள் பீலெஃபெல்டில் வளர்ந்தோம். அப்பா சமையலறை அலமாரிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார், அம்மா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில். தங்கை பதினோரு வயதில் அம்மாவின் உயரத்தைத் தாண்டினாள், பதினான்கில் அப்பாவின் உயரத்தை. தமிழ்க் கடைக்குப் போனால் யாராவது அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாவிடம், "பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?" என்று கேட்பார்கள்.

"நாங்கள் சாப்பிடுறதுதான். அவள் மிச்சம் வைக்கிறேல்லை" என்பார் அம்மா.

பள்ளிக்கூட விளையாட்டு வகுப்பில் அவளைக் கண்டு தன் கழகத்துக்கு அழைத்துப் போனவர் ஒரு ஜெர்மன் பெண். பகலில் மருந்துக்கடையில் வேலை, மாலையில் கூடைப்பந்துப் பயிற்சி. அவர்தான் தங்கையை ஃபார்வர்டாக ஆக்கினார். ஃபார்வர்ட் என்றால் இரண்டு பேருடைய வேலை. கூடையில் பட்டுத் தெறிக்கும் பந்தை நெருக்கடியில் நின்று பிடிக்கவும் வேண்டும், வெளியே ஓடிவந்து தூரத்திலிருந்து எறியவும் வேண்டும். இரண்டையும் பழக அவளுக்கு மூன்று வருடங்கள் பிடித்தன. பதினேழு வயதில் பெரிய பெண்களின் முதல் அணியில் விளையாடினாள். எதிரணியில் இரண்டு பிள்ளைகளின் தாய்மாரும் இருந்தார்கள். முழங்கையால் இடிப்பதில் அவர்களுக்கு நல்ல அனுபவம்.

நான் அப்போது தொழில்நுட்ப வரைஞராக அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தேன். சொந்த மண்டபத்தில் ஆட்டம் நடந்தால் கழகமே ஓர் ஆளைக் குறிப்பு மேசையில் இருத்த வேண்டும். அந்த வேலையை நான் கேட்டு வாங்கினேன். யார் எறிந்தார், விழுந்ததா, யாருக்குத் தவறு என்று கட்டம் கட்டமாக எழுதுவது எனக்குப் பிடித்திருந்தது.

"உனக்கு லிஸ்ட் போடாமல் இருக்க ஏலாதோ அக்கா?" என்பாள் தங்கை. ஏலாதுதான்.

எங்களிடம் அப்போது ஜெர்மன் கடவுச்சீட்டு இல்லை. அதனால் தேசிய இளையோர் அணியில் அவளுக்கு இடமில்லை, வெளிநாட்டு ஆட்டங்களும் இல்லை. அவளைப் பார்க்க வேண்டியவர்கள் யாரும் அவளைப் பார்த்ததில்லை. பயிற்சியாளர் ஒரு வேலை செய்தார். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்த தன் பழைய தோழி ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதினார். பதில் சுருக்கமாக வந்தது: ஃபார்வர்ட் இடம் ஒன்று காலியாக இருக்கிறது, முழுப் புலமைப்பரிசிலோடு. வேறொரு பெண்ணும் காத்திருக்கிறாள். ஒரு முழு ஆட்டத்தின் படத்தை மூன்று வாரத்துக்குள் அனுப்பினால் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்.

அந்தப் பருவத்தில் மீதியிருந்தது ஒரே ஓர் ஆட்டம். கழகத்திடம் கமரா இல்லை.

அப்பா யோசிக்கவே இல்லை. நாங்கள் இருவரும் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீடுகளைப் படம் எடுத்த வீடியோ மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாமா கோட் போட்டுக்கொண்டு வந்தார். கமரா, முக்காலி, பெரிய விளக்கு எல்லாம் வந்தன. முதல் ஐந்து நிமிடத்துக்குள் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி விளக்கை அணைக்கச் சொன்னார். இரண்டாவது முறை நிறுத்தியது, தங்கை தனி எறிதலுக்கு நின்றபோது மாமா எல்லைக்கோட்டைத் தாண்டி ஆடுகளத்துக்குள் வந்து, "பிள்ளை, ஒருக்கா இஞ்சை பாருங்கோ" என்றதற்காக.

தங்கை பார்க்கவில்லை. எறிந்தாள், விழுந்தது.

கலியாணப் படத்துக்கு ஆறு மாதம் எடுக்கும் மாமா இதை ஐந்து நாளில் முடித்து வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். நாலு பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தோம். குத்துவிளக்கு ஒன்று எரிந்தது. ரோஜா இதழ்கள் விழுந்தன. இதயத்துக்குள் தங்கையின் முகம் வந்தது. நாதஸ்வரத்தோடு ஆட்டம் தொடங்கி, அவள் மெதுவாக, மிக மெதுவாகத் தலைமுடியை ஒதுக்கினாள். எல்லாமாக இருபத்தாறு நிமிடம். அதில் நாலு நிமிடம் பார்வையாளர்கள் கேக் சாப்பிட்டார்கள்.

"வடிவாத்தான் எடுத்திருக்கிறார்" என்றார் அம்மா, மெல்ல.

தங்கை எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

வெட்டாத கசெட்டுகள் இரண்டு இருக்க வேண்டும். ஆனால் மாமா பழைய கசெட்டின் மேலேயே அடுத்த விழாவைப் பதிவு செய்பவர் என்பது ஊரறிந்த விஷயம். அப்பாவும் நானும் உடனே காரில் அவர் வீட்டுக்குப் போனோம்.

"அழிச்சிட்டீங்களோ மாமா?"

"இல்லைப் பிள்ளை. நாளைக்கு டுசல்டோர்ஃபிலை கலியாணம் இருக்கு. அதுக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறன்."

கமராப் பையிலிருந்து அவர் இரண்டையும் எடுத்தார். அங்கேயே போட்டுப் பார்த்தோம். முழு ஆட்டமும் இருந்தது, ஒரு நொடி குறையாமல். ஆனால் கமரா தங்கையை விட்டு அசையவே இல்லை. கூடை இல்லை, பந்து இல்லை. மற்ற ஒன்பது பேரும் அவளுடைய தோளில் உரசும்போது மட்டும் வந்து போனார்கள்.

"பந்து எங்கை மாமா?"

"பந்தோ? பந்துக்குப் பின்னாலை போனால் பிள்ளை தவறிப் போவா. கலியாணத்திலை பொம்பிளையை விட்டிட்டு ஆரும் ஐயரை எடுக்கிறவையோ?"

அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு ஆட்டம் இல்லை, கையில் இருப்பது இதுதான். திரும்பும்போதே என்னென்ன செய்யலாம் என்று எழுதினேன். செய்யக்கூடியது ஒன்றே ஒன்று இருந்தது. பந்து எங்கே இருந்தது என்பதை நான் வரைந்து கொடுக்க வேண்டும்.

"இதை அனுப்பினால் சிரிப்பினம் அக்கா."

"சிரிச்சாலும் பாத்திட்டுச் சிரிக்கட்டும். வா, இரு."

ஒரு தாளில் பன்னிரண்டு சிறிய ஆடுகளங்களை அளவோடு வரைந்து நகல் எடுத்தேன். என் குறிப்புத் தாளின் பிரதி இருந்தது, தங்கையின் ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு நகர்வையும் யார் தொடங்கினார், பந்து எந்தப் பக்கத்தால் போனது என்று அவள் தயங்காமல் சொன்னாள். சனியும் ஞாயிறும் போயின. படத்தின் நிமிடம், நொடி, புள்ளிக் கணக்கு, பந்தின் இடம், அவளுடைய இடம் என்று பன்னிரண்டு தாள்கள் நிரம்பின.

அந்த இரண்டு நாளில்தான் நான் என் தங்கையின் ஆட்டத்தை முதல் முறையாகப் பார்த்தேன். அவ்வளவு காலமும் மேசையில் இருந்து பந்தை மட்டுமே எழுதியிருக்கிறேன். பந்து கைக்கு வராத நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்பதற்கு என் தாளில் கட்டமே இல்லை. அவள் எதிரணிப் பெண்ணை முதுகால் தள்ளி, தோழிக்கு வழி திறந்தாள். பந்து விழப்போகும் இடத்துக்கு மற்றவர்களுக்கு முன்பே போய் நின்றாள். பந்து வேறு பக்கம் விழுந்தது. மறுபடியும் போய் நின்றாள். பென்சிலைக் கூராக்கிக்கொண்டு தொடர்ந்து வரைந்தேன்.

கசெட்டை அமெரிக்கக் கருவிகளில் ஓடும் முறைக்கு மாற்றித் தந்தவரும் மாமாதான். "கனடாவிலை இருக்கிற சொந்தக்காரருக்கெல்லாம் நான்தானே மாத்திக் குடுக்கிறனான்" என்றார். கடைசியில் ரோஜா இதழ்கள் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம்.

பொதி போய்ச் சேர்ந்து நாலாம் நாள் மாலை தொலைபேசி வந்தது. தங்கை பள்ளி ஆங்கிலத்தில் பேசினாள். நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வரைபடங்களைப் பற்றி அந்த அமெரிக்கப் பயிற்சியாளர் முதலில் கேட்டார். அக்கா வரைந்தது என்று தங்கை சொன்னாள். பிறகு ஒரே ஒரு கேள்வி. மூன்றாவது கால் பகுதியில், நீங்கள் இருபது புள்ளி பின்தங்கியிருந்தபோது, பந்தைப் பறிகொடுத்த ஐந்து முறையும் நீ முழு வேகத்தில் உங்கள் கூடைப் பக்கம் திரும்பி ஓடினாய். யாராவது ஓடச் சொன்னார்களா?

தங்கைக்குக் கேள்வி விளங்கவில்லை போலிருந்தது. "இல்லை" என்றாள். "ஓடாவிட்டால் அவர்கள் கூடையில் போட்டுவிடுவார்களே."

அந்தப் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது. எல்லாரும் பந்து இருக்கும் படத்தைத்தான் அனுப்புகிறார்கள் என்றார் அவர். இடம் அவளுக்குத்தான் என்றார்.

படிவம் அடுத்த வாரம் வந்தது. அவளுக்குப் பதினெட்டு ஆகாததால் அப்பாவும் கையெழுத்திட வேண்டும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"இதிலை என்ன, ஃபார்வர்ட் எண்டு போட்டிருக்கு?"

"முன்னுக்கு விளையாடுறது அப்பா. உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும், தெரியும். பின்னுக்கு ஓடினதுக்கெல்லோ எடுத்தவை" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டார். அம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தங்கை அப்பாவுடைய தோளில் தாடையை வைத்து, அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு படிவத்தை நான் வாங்கினேன். நிரப்ப வேண்டிய இடங்கள் பதினொன்று. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பிழை ஒன்றும் இருக்கவில்லை.